‘ட்ஸூக்’ என்றால் ரயில் மட்டும்தானா?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் நாளிதழின் கல்வி இணைப்பில் ஜெர்மன் கற்பவர்களுக்காக வந்த சொற்பட்டியலில் ‘ட்ஸூக் – ரயில்’ என்று ஒரே சொல்லில் பொருள் தரப்பட்டிருந்தது. அது தவறு என்று சொல்ல மாட்டோம். ஆனால் அந்த ஒரு பொருளை மட்டும் மனப்பாடம் செய்துகொண்டு ஜெர்மனியில் போய் இறங்கும் செவிலியரும் பொறியாளரும் முதல் மாதத்திலேயே திண்டாடுவார்கள். வீட்டுப் பதிவுப் படிவம், வங்கிக் கடிதம், சம்பளச் சீட்டு, குடும்ப விசா, சமையலறைப் புகைபோக்கி என்று எங்கு பார்த்தாலும் அந்தச் சொல் ஒட்டிக்கொண்டிருக்கும். அவற்றில் ஓரிடத்திலும் ரயில் இருக்காது. அந்த மொழியைக் கற்பிப்பவர்கள் என்ற முறையில் இதைக் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறோம்.

முதலில் ஓசை. தொடக்கத்தில் ‘ட்’டும் ‘ஸ்’ஸும் ஒட்டி ஒரே ஒலியாக வரவேண்டும். ‘ஜூக்’ என்றோ ‘சூக்’ என்றோ சொன்னால் கேட்பவருக்குப் புரியாது. நடுவில் உள்ள உயிர் நெடில். கடைசி எழுத்து உண்மையில் குழைந்த ககரத்துக்கு உரியது. ஆனால் சொல்லின் இறுதியில் நிற்கும்போது ஜெர்மானியர் அதை அழுத்தி ‘க்’ என்றே முடிப்பார்கள். பன்மையில் பின்னால் ஓர் உயிர் சேர்ந்ததும் பழைய குழைவு திரும்பிவிடும்: ஒருமையில் ‘ட்ஸூக்’, பன்மையில் ‘ட்ஸ்யூகெ’. ‘பக்கம்’ என்னும்போது அழுத்தியும் ‘பகல்’ என்னும்போது குழைத்தும் ஒரே ககரத்தை ஒலித்துப் பழகிய நமக்கு இது எளிதாக வரும். பன்மையில் உள்ள உயிர்தான் புதிது. நாக்கை ‘ஈ’ சொல்லும் நிலையில் நிறுத்தி, உதட்டை மட்டும் ‘ஊ’வுக்குப் போலக் குவித்தால் அது வரும். தமிழில் ‘யூ’ என்று எழுதுவது ஒரு சமாளிப்புதான். வட ஜெர்மனியின் பேச்சு வழக்கில் ஒருமையே ‘ட்ஸுஹ்’ என்று குறுகிவிடும். கொலோன் நகரில் அது ‘ட்ஸோஹ்’. 1823 முதல் அங்கே கார்னிவல் திங்களன்று நடக்கும் பெரிய ஊர்வலத்துக்கு அந்தப் பெயர்தான். ‘ட்ஸோஹ் வருகிறது’ என்று தெருவில் குரல் எழுந்தால் ஸ்டேஷனுக்கு ஓட வேண்டியதில்லை. ஊர்வலத்துக்கும் ரயிலுக்கும் ஒரே பெயர் ஏன் என்ற கேள்விக்கு விடை, சொல்லின் வேரில் இருக்கிறது.

‘ட்ஸீயென்’ என்ற வினைக்கு ‘இழு’ என்று பொருள். அந்த வினையின் பெயர்ச்சொல் ‘ட்ஸூக்’. அதாவது இழுப்பு, இழுத்தல், இழுக்கப்படுவது. பல பெட்டிகளை ஓர் எஞ்சின் இழுத்துப் போகிறது, ஆகவே அது ‘இழுப்பு’. 1835 டிசம்பர் 7 அன்று நியூரம்பெர்க்கிலிருந்து ஃப்யுர்ட்டுக்கு ‘ஆட்லர்’ என்ற நீராவி எஞ்சின் ஓடியபோதுதான் ஜெர்மன் மண்ணில் நீராவி ரயில் வந்தது. அதற்குப் பல நூற்றாண்டுகள் முன்பே இந்தச் சொல் இருந்தது. மீன்வலை இழுப்பு, படை நகர்வு, பறவைக் கூட்டத்தின் இடப்பெயர்வு, எருதும் குதிரையும் இழுக்கும் வண்டிவரிசை எல்லாம் ‘ட்ஸூக்’ ஆகவே இருந்தன. ரயில் அந்தக் குடும்பத்தில் கடைசியாக வந்து சேர்ந்த பிள்ளை. ஆங்கிலத்தின் ‘டிரெயின்’ என்பதும் பிரெஞ்சு மொழியில் ‘இழு’ என்று பொருள்படும் வினையிலிருந்து வந்ததே. நாமோ புகையைப் பார்த்துப் புகைவண்டி என்றோம், கோத்த பெட்டிகளைப் பார்த்துத் தொடர்வண்டி என்றோம். இழுப்பதைப் பார்க்கவில்லை. அதனால்தான் ரயிலிலிருந்து தொடங்கினால் தமிழருக்கு இந்தச் சொல்லின் மற்ற பொருள்கள் திறப்பதில்லை. ‘இழு’ என்பதிலிருந்து தொடங்கினால் பாதி வேலை முடிந்துவிடும்.

இதில் தமிழுக்கு உள்ள வசதி வேறு பல மொழிகளுக்கு இல்லை. சுருட்டை ஓர் இழுப்பு இழுக்கிறோம். ஜெர்மானியருக்கும் அது ஒரு ‘ட்ஸூக்’. மூச்சை இழுத்து விடுகிறோம், அவர்களும் ஒரு மூச்சை ‘ஆட்டெம்ட்ஸூக்’ என்பார்கள். சாகக் கிடப்பவரை ‘இழுத்துக்கொண்டு கிடக்கிறார்’ என்கிறோம். அவர்கள் ‘கடைசி ட்ஸ்யூகெனில் கிடக்கிறார்’ என்பார்கள். அது மூச்சிழுப்பு, கடைசி ரயில்கள் அல்ல. கோடு இழுக்கிறோம். அவர்களும் பேனாவின் ஒரு கீற்றையும், கடைப் பலகையில் தனிப் பாணியில் எழுதிய பெயரையும் ‘ட்ஸூக்’ சேர்த்தே சொல்வார்கள். அந்தக் கோட்டிலிருந்து முகக்களை வருகிறது: ‘கெஸிஹ்ட்ஸ்ட்ஸ்யூகெ’ என்றால் முகத்தில் இழுத்த கோடுகள், அதாவது முகச்சாயல். அதிலிருந்து குணத்தின் கீற்று: ‘கராக்டெர்ட்ஸூக்’. ‘வண்டி மேட்டில் இழுக்க மாட்டேன் என்கிறது’ என்று நம் ஓட்டுநர் சொல்வதை ஒரு ஜெர்மன் மெக்கானிக்கிடம் அப்படியே சொல்லலாம், புரிந்துகொள்வார். ‘வழக்கு இழுத்துக்கொண்டே போகிறது’ என்பதற்கும் அதே வினை உண்டு. ஒத்துப்போகாத இடமும் ஒன்று இருக்கிறது. மேசையின் இழுப்பறையை நாம் இழுப்பதை வைத்துப் பெயரிட்டோம். அவர்கள் தள்ளி மூடுவதை வைத்து ‘ஷூப்லாடெ’ என்றார்கள்.

குடிப்பதிலும் இழுப்பு உண்டு. ஒரே மடக்கில் குடித்தால் ‘ஒரே ட்ஸூக்கில்’ குடித்ததாகச் சொல்வார்கள். ‘முழு ட்ஸ்யூகெனில் அனுபவித்தேன்’ என்றால் மடக்கு மடக்காக, ஆசை தீர அனுபவித்தேன் என்று பொருள். இதை ‘நிரம்பி வழியும் ரயில்களில் அனுபவித்தேன்’ என்று எழுதும் மாணவர் ஒவ்வொரு வகுப்பிலும் உண்டு. அந்த மாணவரின் தவறு அல்ல அது, பட்டியலின் தவறு.

காற்றுக்கு வருவோம். ஜெர்மன் வீட்டில் இரண்டு ஜன்னல்களை எதிரெதிரே திறந்தால் யாராவது ‘எஸ் ட்ஸீட்’ என்பார்கள். ‘இழுக்கிறது’ என்பது நேர்ப்பொருள், காற்று வீசி மேலில் படுகிறது என்பது கருத்து. அந்தக் காற்று ‘ட்ஸூக்லுஃப்ட்’. நாம் வீட்டில் காற்றோட்டத்தைத் தேடுகிறோம். அவர்கள் கழுத்து பிடித்துக்கொள்ளும் என்று அதற்கு அஞ்சுகிறார்கள். விடுதி அறையில் தங்கும் தமிழ் மாணவருக்கும் அறைத்தோழருக்கும் முதல் சச்சரவு பெரும்பாலும் இந்தச் சொல்லில்தான் தொடங்கும்.

விறகடுப்பும் புகைபோக்கியும் உள்ள வீட்டில் இதே சொல் உயிர் சம்பந்தப்பட்டது. புகைபோக்கிக்குள் இருக்கும் சூடான வாயு வெளிக்காற்றைவிட லேசானது. அது மேலே ஏறும்போது அடுப்புக்குள் காற்றை உறிஞ்சிக்கொள்கிறது. அந்த உறிஞ்சும் விசைக்கு ‘ட்ஸூக்’ என்று பெயர். நெருப்பு மூட்டும்போது புகைபோக்கி குளிர்ந்திருந்தாலும், வெளியே வெப்பமாக இருந்தாலும் இழுப்பு பிடிக்காது, புகை அறைக்குள் திரும்பும். முதலில் ஒரு தாளைக் கொளுத்திப் புகைபோக்கியைச் சூடாக்குவது இதற்காகத்தான். ஓடு பதித்த பழைய அடுப்புகளில் சுடுவாயு வளைந்து வளைந்து போவதற்காக வெப்பம் தாங்கும் செங்கல்லால் கட்டிய பாதைகளுக்கும் ‘ட்ஸ்யூகெ’ என்றே பெயர். இப்போது அதே வீட்டுச் சமையலறையில் மேலே புகை உறிஞ்சும் மின்விசிறி ஒன்றைப் பொருத்தினால் என்ன ஆகும்? அதன் பெயர் ‘டுன்ஸ்ட்ஆப்ட்ஸூக்’, ஆவியை இழுத்தகற்றுவது. நவீன ஜன்னல்கள் காற்றுப் புகாமல் மூடிவிடுவதால், விசிறி வெளியேற்றிய காற்றுக்கு ஈடாக வேறெங்கும் காற்று கிடைக்காமல், புகைபோக்கி வழியாகவே வெளிக்காற்று கீழே இழுக்கப்படும். அடுப்பின் கார்பன் மோனாக்ஸைடும் அதோடு சேர்ந்து அறைக்குள் வந்துவிடும். ஒரு ‘ட்ஸூக்’ இன்னொரு ‘ட்ஸூக்’கை வென்றுவிடும் இந்த நிலையைத் தடுக்க, இரண்டும் ஒரே நேரத்தில் இயங்கும்போது அறையின் அழுத்தம் வெளியைவிட 4 பாஸ்கலுக்கு மேல் குறையக் கூடாது என்பது அங்குள்ள விதி. ஜன்னல் திறந்திருந்தால் மட்டுமே விசிறிக்கு மின்சாரம் போகும்படி ஒரு சுவிட்ச் வைப்பது வழக்கமான வழி. புகைபோக்கி ஆய்வாளர் பார்த்து ஒப்புதல் தரவேண்டும். அவர் எழுதிவைக்கும் குறிப்பில் ‘ட்ஸூக்’ என்று இருப்பதை ரயில் என்று படித்தால் அந்தக் குறிப்பே வீண்.

பொறியியல் படிப்பவர்களுக்கு இந்தச் சொல்லின் எதிர்ச்சொல்லையும் சேர்த்தே சொல்லிவிட வேண்டும். ‘ட்ஸூக்’ இழுவிசை, ‘ட்ருக்’ அமுக்குவிசை. கான்கிரீட் அமுக்கத்தைத் தாங்கும். இழுவையில் அதன் வலிமை ஏறத்தாழ பத்தில் ஒரு பங்குதான். அதனால் கம்பியை இழுவை விழும் பக்கத்தில், அதாவது ‘ட்ஸூக்ஸைட்டெ’யில் வைக்க வேண்டும். இரண்டு சுவர்மேல் படுத்திருக்கும் சாதாரண உத்தரத்தில் அது அடிப்பக்கம். சுவரிலிருந்து நீட்டிக்கொண்டிருக்கும் பால்கனியில் அது மேல்பக்கம். வரைபடத்தில் இந்த ஒரு சொல்லைத் தவறாக வாசித்து, பால்கனியின் முதன்மைக் கம்பியை அடியில் போட்டால் முட்டுக்கால்களை எடுத்ததும் அது விரிசல் விட்டு இறங்கும். போல்ட்டின் தலையில் 8.8 என்று பொறித்திருப்பதில் முதல் எண் ‘ட்ஸூக்ஃபெஸ்டிக்கைட்’, அதாவது அறுபடுமுன் தாங்கும் இழுவை: 8-ஐ 100-ஆல் பெருக்கினால் சதுர மில்லிமீட்டருக்கு 800 நியூட்டன். இரண்டாவது 8, அதில் 80 சதவீதமான 640-இல் போல்ட் நிரந்தரமாக நீளத் தொடங்கும் என்பதைக் குறிக்கிறது. கப்பித் தொகுதிக்கு அவர்கள் வைத்த பெயர் ‘ஃப்ளாஷென்ட்ஸூக்’. நான்கு கயிறுகள் சுமையைப் பங்கிட்டால், உராய்வை விட்டுவிட்டுப் பார்க்கும்போது, 100 கிலோவைத் தூக்க 25 கிலோ அளவுக்கு இழுத்தால் போதும். ஆனால் சுமை 1 மீட்டர் உயர 4 மீட்டர் கயிற்றை இழுத்தாக வேண்டும்.

சதுரங்கத்தில் ஒரு நகர்த்தல் ‘ட்ஸூக்’. சென்னையில் செஸ் பயிலும் பிள்ளைகள் ஜெர்மன் தெரியாமலே ‘ட்ஸூக்ட்ஸ்வாங்’ என்ற சொல்லைத் தெரிந்துவைத்திருக்கிறார்கள். ‘ட்ஸ்வாங்’ என்றால் கட்டாயம். நகர்த்தினால் கேடு, நகர்த்தாமல் இருக்கவும் விதி இடம் தராது என்ற நிலை அது. ‘நீ ட்ஸூக்கில் இருக்கிறாய்’ என்றால் உன் முறை என்று பொருள். ரயிலில் இருக்கிறாய் என்பதற்கு முன்னிடைச்சொல் வேறு. படையில் ‘ட்ஸூக்’ என்பது ஒரு சிறு பிரிவு. தீயணைப்புத் துறையில் ஒரு ‘ட்ஸூக்’ என்றால் விதிப்படி 22 பேர். பள்ளியில் ‘மூன்று ட்ஸூக்’ உள்ளது என்றால் ஒவ்வொரு வகுப்புக்கும் மூன்று பிரிவுகள். ‘ட்ஸூக்ஃப்யூரெர்’ என்பவர் ராணுவத்தில் அந்தச் சிறு பிரிவின் தலைவர், ரயிலில் வண்டியின் பொறுப்பாளர். ரயிலை ஓட்டுபவர் அவர் அல்ல, அவருக்கு ‘லோக்ஃப்யூரெர்’ என்று பெயர். பட்டியல்கள் இதைத்தான் அடிக்கடி மாற்றிப் போடுகின்றன.

ஜெர்மனியில் காகிதத்தோடு வாழப்போகிறவர்களுக்கு மிக அவசரமான பகுதி முன்னொட்டுகள். வினைக்கு முன்னால் ஒரு சிறு சொல் ஒட்டும், அதே சிறு சொல் பெயருக்கும் ஒட்டும். ‘ஐன்’ உள்ளே, ‘அவ்ஸ்’ வெளியே, ‘உம்’ சுற்றி, ‘ஆப்’ விலகி, ‘நாஹ்’ பின்னால். இவற்றைத் தெரிந்துகொண்டு, ‘இழு’ என்பதோடு சேர்த்துப் பார்த்தால் பெரும்பாலான பொருள்கள் தாமே வெளிப்படும்.

‘உம்ட்ஸூக்’ வீடு மாறுதல். ஊர்வலத்துக்கும் அதே சொல். ஊரை வலம் வருவதால் நாம் ஊர்வலம் என்கிறோம், அவர்களும் ‘சுற்றி’ என்ற முன்னொட்டையே போட்டிருக்கிறார்கள். ‘ஐன்ட்ஸூக்’ புது வீட்டுக்குக் குடிபுகுதல். குடிபுகுந்த நாளிலிருந்து 2 வாரத்துக்குள் நகர அலுவலகத்தில் பதிவு செய்ய வேண்டும், வீட்டுக்காரர் கையெழுத்திட்ட உறுதிச்சான்றும் தேவை. படிவத்தில் ‘ஐன்ட்ஸூக்’ தேதி கேட்கும் கட்டத்தில் விமானத்தில் வந்திறங்கிய தேதியையோ, வாடகை ஒப்பந்தத் தேதியையோ எழுதிவிடுகிறார்கள். வீட்டுக்காரர் தந்த சான்றில் வேறு தேதி இருக்கும், இரண்டும் பொருந்தாமல் இன்னொரு நாள் அலைய நேரும். வங்கியில் அதே ‘ஐன்ட்ஸூக்’ முற்றிலும் வேறு: மின்சார நிறுவனமோ காப்பீட்டு நிறுவனமோ நீங்கள் தந்த அனுமதியின்பேரில் உங்கள் கணக்கிலிருந்து தானே பணத்தை இழுத்துக்கொள்வது. தெரியாமல் கையெழுத்திட்டுவிட்டால் பதற வேண்டாம். அப்படி எடுத்த தொகையை 8 வாரத்துக்குள் காரணம் சொல்லாமலே வங்கி மூலம் திரும்பப் பெறலாம். ஆனால் உண்மையிலேயே கட்ட வேண்டிய தொகையானால் கடன் அப்படியே நிற்கும்.

‘அவ்ஸ்ட்ஸூக்’ வீட்டைக் காலி செய்தல். பெரிய பதிவேட்டிலிருந்து இழுத்தெடுத்த பகுதிக்கும் அதுவே பெயர். அதனால் வங்கிக் கணக்கறிக்கை ‘கோன்டோஅவ்ஸ்ட்ஸூக்’. வாடகைக்கு வீடு தேடும்போதும் விசா நீட்டிக்கும்போதும் இதைக் கேட்பார்கள், கணக்கை மூடச் சொல்கிறார்கள் என்று நினைத்துவிடக் கூடாது. கடையில் மாவுப் பொட்டலத்திலும் ‘அவ்ஸ்ட்ஸூக்’ வரும்: தவிட்டை நீக்கி எடுத்த வெள்ளை மாவு, நம் மைதாவுக்கு நெருங்கியது. அதன்மேல் உள்ள 405 என்ற எண், 100 கிராம் உலர் மாவை எரித்தால் மிஞ்சும் தாதுச் சாம்பல் ஏறத்தாழ 405 மில்லிகிராம் என்பதைச் சொல்கிறது. எண் கூடக் கூட மாவில் தவிட்டுப் பங்கு கூடும்.

‘ஆப்ட்ஸூக்’ சம்பளச் சீட்டில் பிடித்தம். ஓய்வூதியக் காப்பீட்டுக்கு மட்டும் மொத்தம் 18.6 சதவீதம், அதில் பாதி 9.3 தொழிலாளியின் சம்பளத்திலிருந்து இழுக்கப்படும், மறுபாதி முதலாளி தருவது. வரியும் மருத்துவக் காப்பீடும் வேறு. வேலைக்கு ஒப்புக்கொள்ளுமுன் ‘ஆப்ட்ஸ்யூகெ’ போக என்ன வரும் என்று கேட்கத் தெரிந்தால் ஏமாற்றம் குறையும். ஆனால் இதே சொல் துப்பாக்கியின் விசையையும், படை வாபஸையும், புகைப்படப் பிரதியையும் குறிக்கும். இடம் பார்த்துத்தான் பொருள் கொள்ள வேண்டும்.

‘நாஹ்ட்ஸூக்’ பின்தொடர்ந்து வருதல். ‘ஃபமீலியென்நாஹ்ட்ஸூக்’ என்றால் ஜெர்மனியில் இருப்பவரோடு கணவனோ மனைவியோ பிள்ளைகளோ சேர்ந்துகொள்ளும் விசா. பொதுவாக வாழ்க்கைத் துணை ‘ஆ 1’ என்னும் தொடக்க நிலை ஜெர்மன் தேர்ச்சியைக் காட்ட வேண்டும். முன்னால் போனவரின் அனுமதி எந்த வகை என்பதைப் பொறுத்து விலக்குகளும் உண்டு. தமிழ்நாட்டிலிருந்து போகும் குடும்பங்களுக்கு மிக வேண்டிய சொல் இது. தங்கள் பட்டியலில் இது இல்லை என்பது எங்களுக்கு வருத்தம்.

‘ஃபெர்ட்ஸூக்’ தாமதம், ஆனால் கடமையில் தாமதம். ரயில் தாமதத்தை இந்தச் சொல்லால் சொல்லக் கூடாது, அதற்கு ‘ஃபெர்ஷ்பேட்டுங்’. பணம் கட்டுவதில் இது சட்டச்சொல். விலைப்பட்டியல் வந்து, தவணையும் வந்து 30 நாள் கடந்தால் எச்சரிக்கைக் கடிதம் வராமலே ‘ஃபெர்ட்ஸூக்’ தொடங்கிவிடும். நுகர்வோராக இருந்தால் அந்த விலைப்பட்டியலிலேயே இதைக் குறிப்பிட்டிருக்க வேண்டும். அதன்பின் நுகர்வோருக்கு அடிப்படை வட்டிக்கு மேல் 5 சதவீதப் புள்ளி வட்டி ஏறும். தொடர்ந்து இரண்டு தவணை வாடகை நின்றால், அவகாசம் தராமலே ஒப்பந்தத்தை முறிக்க வீட்டுக்காரருக்கு உரிமை வந்துவிடும்.

இதே சொல் வரும் ஒரு தொடரை ஜெர்மானியரே தவறாகப் புரிந்துகொள்கிறார்கள்: ‘கெஃபார் இம் ஃபெர்ட்ஸூக்’. ஆபத்து நெருங்கி வருகிறது என்று பலர் நினைக்கிறார்கள். உண்மையில் அது ‘தாமதித்தால் ஆபத்து’ என்ற பழைய லத்தீன் தொடரின் வடிவம். ஜெர்மனியின் அரசியலமைப்பான 1949-ஆம் ஆண்டின் அடிப்படைச் சட்டத்தில், வீட்டைச் சோதனையிட நீதிபதியின் ஆணை வேண்டும் என்று சொல்லும் 13-ஆம் பிரிவில், ஆணைக்குக் காத்திருந்தால் காரியம் கெடும் என்ற நிலைக்கு மட்டும் தரப்பட்ட விலக்கு அது. ஆபத்து பெரிதா சிறிதா என்பதல்ல அங்கே கேள்வி, காத்திருக்க நேரம் உண்டா என்பதே. நெருங்கி வருவதற்கு வேறொரு சொல் இருக்கிறது: ‘ஆன்ட்ஸூக்’. இடிமழை ‘ஆன்ட்ஸூக்’கில் இருக்கிறது என்றால் நெருங்குகிறது என்று பொருள். கடையில் ‘ஆன்ட்ஸூக்’ கேட்டால் கோட்டும் பேன்ட்டும் தருவார்கள், உடம்பின்மேல் இழுத்துப் போட்டுக்கொள்வதால்.

ஒட்டுச்சொல்லே இல்லாத ஒரு சட்டத்தொடரும் உண்டு, ‘ட்ஸூக் உம் ட்ஸூக்’. இந்தக் கையில் பொருள், அந்தக் கையில் பணம் என்று இருவரும் ஒரே நேரத்தில் கடமையை முடிப்பது. பழைய கார் வாங்கும்போது ஒப்பந்தத்தில் இந்தத் தொடர் இருந்தால், காரையும் பத்திரத்தையும் பார்க்காமல் பணத்தை முன்கூட்டி அனுப்ப வேண்டியதில்லை.

ரயிலிலும் அறிய வேண்டியது உண்டு. மலிவான முன்பதிவுச் சீட்டில் ‘ட்ஸூக்பின்டுங்’ இருக்கும்: குறிப்பிட்ட அந்த வண்டியில்தான் ஏறலாம். சேருமிடத்துக்கு 20 நிமிடமோ அதற்கு மேலோ தாமதமாகும் என்று தெரிந்தால் அந்தக் கட்டு நீங்கிவிடும், வேறு வண்டியில் போகலாம். 60 நிமிடத் தாமதத்துக்குக் கட்டணத்தில் 25 சதவீதமும் 120 நிமிடத்துக்கு 50 சதவீதமும் திரும்பக் கிடைக்கும். சில வண்டிகள் வழியில் இரண்டாகப் பிரிந்து வேறு வேறு ஊருக்குப் போகும். ‘ட்ஸூக்டைல்’ என்ற அறிவிப்பைக் கவனித்து, முன்பகுதியா பின்பகுதியா என்று பார்த்து ஏற வேண்டும்.

ஒரு பொறியையும் சொல்லிவிடுகிறோம். இந்த எழுத்துகளில் தொடங்கும் எல்லாச் சொல்லும் இந்தக் குடும்பத்தைச் சேர்ந்தவை அல்ல. ‘ட்ஸூகாங்’ என்றால் நுழைவழி, ‘ட்ஸூகாபெ’ என்றால் கச்சேரி முடிவில் ரசிகர் கேட்கும் கூடுதல் பாட்டு. இவை ‘ட்ஸூ’ என்ற வேறொரு சிறு சொல்லும் ‘காங்’, ‘காபெ’ என்ற சொற்களும் சேர்ந்தவை. காதால் பிரித்துவிடலாம்: ‘ட்ஸூக்லுஃப்ட்’டில் ககரம் முதல் அசையின் முடிவில் அழுத்தி நிற்கும், ‘ட்ஸூகாங்’கில் அடுத்த அசைக்குப் போய்க் குழையும்.

தங்கள் பட்டியலின் அடியில் இன்னொரு குறிப்பும் இருந்தது: ‘ட்ஸூக்’ தமிழின் ‘தூக்கு’ என்பதிலிருந்து வந்திருக்கலாம் என்று. தமிழ்ப் பற்றால் எழுதியது என்பது புரிகிறது. ஆனாலும் மாணவர் படிக்கும் பக்கத்தில் இது வரலாகாது. இரண்டு சொல் ஒலியில் ஒத்திருப்பது உறவுக்குச் சான்று ஆகாது. ஒரே மாற்றம் பல சொற்களில் ஒழுங்காக நடந்திருக்க வேண்டும். ‘ட்ஸூக்’கின் பாதை அப்படி ஒழுங்கானது. வடமொழிக்கும் ஐரோப்பிய மொழிகள் பலவற்றுக்கும் தாயான இந்தோ-ஐரோப்பிய மூலத்தில் அது ‘பண்டம்’ என்பதில் வருவதுபோன்ற குழைந்த டகரத்தில், ‘டெயுக்’ என்பதுபோல் தொடங்கியது. லத்தீனில் அது வழிநடத்தல், இழுத்தல் என்ற பொருளுடைய ‘டூகெரெ’ ஆயிற்று. ஜெர்மானிய மொழிகளில் அந்த முதல் ஒலி வல்லோசை ‘ட்’ ஆயிற்று, அவற்றுள் ஒன்றான கோதிக்கின் 4-ஆம் நூற்றாண்டு பைபிளில் ‘டியுஹன்’. பின்னர் இன்றைய எழுத்து ஜெர்மனுக்கு அடிப்படையான உயர்ஜெர்மனில் மட்டும் அந்த ‘ட்’ மறுபடி மாறி ‘ட்ஸ்’ ஆயிற்று. இந்த மூன்று படியும் மற்றச் சொற்களிலும் அப்படியே தெரியும். நாம் யானைக்குச் சொல்லும் ‘தந்தம்’ வடமொழியில் பல்; ஆங்கிலத்தில் அதன் உறவு ‘டூத்’, ஜெர்மனில் ‘ட்ஸான்’. வடமொழியில் ‘தசம்’, ஆங்கிலத்தில் ‘டென்’, ஜெர்மனில் ‘ட்ஸேன்’. ஜெர்மனின் ‘ட்ஸ்’ஸைக் கண்டால் ஆங்கிலத்தில் ‘ட்’டைத் தேடு என்பது விதி. அப்படித் தேடினால் ‘ட்ஸூக்’குக்கு ஆங்கிலத்தில் கிடைப்பது ‘டக்’, ‘டோ’ என்ற இழுவைச் சொற்கள். இந்த முதல் ஒலிமாற்றத்தை ஜெர்மன் மொழியறிஞர் யாகோப் கிரிம் 1822-இல் முறைப்படுத்தினார். ‘ட்ஸீயென்’ என்பதில் ஹகரம் எழுதப்படுவதும் ‘கெட்ஸோகென்’ (இழுத்த), ‘ட்ஸூக்’ என்பவற்றில் ககரம் வருவதும் ஏன் என்பதை டேனிஷ் அறிஞர் கார்ல் வெர்னர் 1870-களில் விளக்கினார்: பழங்காலத்தில் அழுத்தம் வேரசையின் மேல் விழுந்த வடிவங்களில் ஹகரம், அழுத்தம் பின்னசைக்குப் போன வடிவங்களில் ககரம். ‘தூக்கு’ இந்தப் படிகளில் எதிலும் பொருந்தாது. பொருளும் வேறு: அது மேலே எடுப்பது, இது தன்பக்கம் இழுப்பது.

அதே வேரின் உண்மையான உறவினர்கள் வியப்பூட்டுவார்கள். ‘ஹெர்ட்ஸோக்’ என்ற பிரபுப் பட்டம் படையை இழுத்துச் செல்பவர் என்பதிலிருந்து வந்தது. குதிரையின் கடிவாள வார் ‘ட்ஸ்யூகெல்’. பிள்ளை வளர்ப்பும் கல்வியும் ‘எர்ட்ஸீயுங்’. நீதிமன்றத்துக்கு இழுத்து வரப்படும் சாட்சி ‘ட்ஸொய்கெ’. ஸ்விட்சர்லாந்தில் ஏரிக்கரையில் உள்ள ‘ட்ஸூக்’ நகரம் அந்த ஏரியில் வலை இழுக்கும் உரிமையால் பெயர் பெற்றது. ஜெர்மனியின் மிக உயர்ந்த சிகரமான 2,962 மீட்டர் ‘ட்ஸூக்ஷ்பிட்ஸெ’, பனிச்சரிவு இழுத்துக்கொண்டு இறங்கும் தடங்களால் பெயர் பெற்றிருக்க வேண்டும்.

ஆகவே எங்கள் வேண்டுகோள்: பட்டியலில் ‘தூக்கு’ குறிப்பை நீக்கி, அந்தப் பதிவைக் கீழ்க்கண்டவாறு திருத்தி வெளியிடுங்கள். இடம் நான்கு வரிதான் ஆகும்.

ட்ஸூக் – ஆண்பால், பன்மை ட்ஸ்யூகெ. ‘ட்ஸீயென்’ (இழு) என்ற வினையின் பெயர். இழுப்பு, ரயில், காற்றிழுப்பு, மடக்கு, மூச்சு, சதுரங்க நகர்த்தல், ஊர்வலம், இழுவிசை, முகத்தின் அல்லது குணத்தின் கீற்று. முன்னொட்டோடு: ஐன்- குடிபுகல், அவ்ஸ்- காலி செய்தல், உம்- வீடு மாறுதல், ஆப்- பிடித்தம், நாஹ்- குடும்பம் சேர்தல், ஃபெர்- கடமைத் தாமதம்.

இப்படிக்கு,
ஜெர்மன் மொழி கற்பிக்கும் வாசகர்கள்,
சென்னை